கசப்பினும் நன்மொழி

புனேயை அடுத்த கடக்வாஸ்லாவிலாயினும் நம் ஊரிலாயினும், இரண்டு வயதாகியும் ஒரு சொல்லும் பேசாத குழந்தையை முதலில் கவனிப்பவர் அங்கன்வாடிப் பணியாளராயிருத்தல் கூடும். தாயின் மனம் நோகுமென்று அவர் வாளாவிருப்பது கருணையாகுமா? ஆகாதென்பதே நம் துணிபு.

மடியிற் குழந்தையுடன் அமர்ந்திருந்த அபய இளவரசனைப் பகவான் புத்தர் வினவினார், இக்குழந்தை கல்லை வாயிலிட்டுக்கொண்டால் என் செய்வாயென்று. குருதி கசியினும் இரக்கத்தால் அதை எடுத்துவிடுவதாக அவன் விடையளித்தான். அவ்வாறே, மெய்யும் நன்மையுமான சொல்லைக் கேட்போர் விரும்பாவிடினும், காலமறிந்து தாம் உரைப்பதாகப் பகவான் தெளிவித்தார்.

எனவே பணியாளர் பிறரறியத் தூற்றாது, தனித்திருந்து, தாம் கண்டதை மட்டும் கூறுக, வீட்டில் குழந்தை எவ்வாறிருக்கிறதென்று தாயைக் கேட்க, முன்வினையென்று பழியாதிருக்க. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத்திட்டப்படி ஆண்டிற்கு இருமுறை அங்கன்வாடிக்கு வரவேண்டிய மருத்துவக் குழுவினரிடம் குழந்தையைக் காட்டச் சொல்லுக. பெற்றோரும் சொன்னவரை வெறாது செவிகொடுப்பாராக. இருபாலார்க்கும் இதுவே நல்வாய்மை.