வழக்குக்குத் தவணை உண்டு, பிள்ளைக்கு இல்லை!

தங்கச்சி, இன்னும் எத்தனை நாளைக்கு "சின்னப் பையன், விளையாட்டுக்கு அடிக்கிறான்" என்று சொல்லிக்கொண்டிருப்பாய்?

உன் மூன்று வயது மகளின் தோளில் நகக்கீறல். மூத்த தாரத்துப் பையன் இஸ்தோப்பில் கால் வைத்தாலே, சோற்றுக் கோப்பையை விட்டுவிட்டு உன் பின்னால் ஒளிகிறாள். நின்றுபோயிருந்த பாய் நனைப்பு மறுபடி தொடங்கிவிட்டது.

இது விளையாட்டா? நீயே சொல்!

"விவாகரத்து வழக்கு முடியட்டும், பார்ப்போம்" என்கிறாய். வழக்குக்குத் தவணை போடலாம். பிள்ளையின் பயத்துக்கு யார் தவணை போடுவது?

"பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில் பிள்ளையை எங்கே ஒதுக்குவது?" என்கிறாய். சரி, இடம் இல்லை. புத்தியுமா இல்லை?

சுவரோரம் பிள்ளை, நடுவில் நீ. இன்றிரவே படுக்கையை மாற்று! அதற்கு எவருடைய அனுமதி வேண்டும்?

பிரட்டுக்குப் போகும்போது பிள்ளையை அந்தப் பையன் பொறுப்பில் விடாதே. பிள்ளை மடுவத்தில் விடு. "அவனிடம் கொடுத்தனுப்ப வேண்டாம்" என்று அங்கே வாய் திறந்து சொல்!

உதவி தேடி ஹட்டனுக்குப் போய்வந்தால் ஒரு நாள் பேர் போகுமா? போன பேரை இன்னொரு மாதம் இழுத்துப் பிடிக்கலாம். பிள்ளை மனம் உடைந்தால் எதைக் கொண்டு ஒட்டுவாய்?

"லயத்தில் நாலு பேர் சிரிப்பார்களே!" சிரிக்கட்டும்! உன் மகள் இரவில் அலறி எழும்போது அந்த நாலு பேரா தூக்கி அணைக்கப்போகிறார்கள்?

பயம் அட்டை மாதிரி. கொழுந்து மலையில் காலில் ஏறினால் நாள் பார்த்தா பிடுங்குகிறாய்? விட்டுவைத்தால் குடித்துக்கொண்டேதான் இருக்கும்!

"சட்டம் எல்லாம் எங்களுக்கா?" உனக்கும்தான்! 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம், மாற்றாந்தாய் வழிச் சகோதரன் செய்யும் வன்முறையையும் கணக்கில் எடுக்கிறது. பிள்ளைக்காகத் தாயே நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம்.

வக்கீலுக்குக் காசில்லையா? சட்ட உதவி ஆணைக்குழு எதற்கு இருக்கிறது? போய்க் கேள்!

கையோடு கொப்பி ஒன்று வை. எந்தத் தேதி, எத்தனை மணி, என்ன நடந்தது? எழுது! காயம் பட்டால் அன்றைக்கே டிக்கோயா ஆஸ்பத்திரியில் காட்டு. நாளைக்குப் பிள்ளை யாரிடம் வளர வேண்டும் என்ற கேள்வி வரும். அப்போது கண்ணீரைவிட அந்தக் கொப்பி உரக்கப் பேசும்!

பிள்ளையைத் துருவித் துருவிக் கேட்காதே. அது சொன்னதை நம்பு. "உன் மேல் பிழையில்லை" என்று சொல். அது போதும்.

இன்னொன்றையும் கேள். அந்தப் பையனை வெறுக்காதே! அவனும் பிள்ளைதான். ஏற்கெனவே ஒரு வீடு உடைந்ததைப் பார்த்தவன். இப்போது இரண்டாவதும் உடைகிறது. அவன் கோபம் எங்கே போகும்? தன்னைவிடச் சின்னதன் மேல்தான் இறங்கும்.

அதற்காக அடியைப் பொறுக்காதே. அவனுக்கும் உதவி தேடு. தகப்பனிடம் நேரே சொல். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரைப் பார். மனநல உதவிக்கு 1926 இருக்கிறது. இவளைக் காப்பதும் அவனைத் திருத்துவதும் ஒரே வேலைதான்!

நீ யார் வழி வந்தவள்? மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வரை, இடுப்பில் பிள்ளையோடு காடு மிதித்து வந்தவர்களின் பேத்தி! வழியெங்கும் காய்ச்சலும் சாவும் துரத்தின. அப்படியும் இந்த மலை ஏறினார்கள். உன்னால் ஒரு பொலிஸ் நிலையத்துப் படி ஏற முடியாதா?

முதல் முறை போனால் திருப்பி அனுப்புவார்களா? மறுபடி போ! சிறுவர், மகளிர் பணியகம் எங்கே என்று கேள். பதில் வரும்வரை நகராதே!

தோற்றுவிடுவோமோ என்று யோசிக்கிறாயா? முயற்சி செய்து தோற்றவளைப் பிள்ளை மன்னிக்கும். பார்த்துக்கொண்டே இருந்தவளை?

தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் 1929. தமிழிலேயே பேசலாம்.

போனை எடு. இப்போதே!