தொட்ட கைக்கு என்ன பெயர்?

ஊர்க் கோயில் சாமியை எங்க அப்பா சாகிற வரைக்கும் தேரடியில் நின்றுதான் கும்பிட்டார். அவர் மகன் நான், அதே மாதிரி செப்புத் திருமேனிகளை மேசையில் கிடத்தி, இடுக்கில் படிந்த பச்சைக் களிம்பைச் சுரண்டி, இருபத்தாறு வருசம் சம்பளம் வாங்கினேன். மத்திய அரசு அருங்காட்சியகம் ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் கடைநிலை ஊழியன். கோயிலில் இருக்கிறவரை நான் தொடக்கூடாத சாமி. நோய் வந்து மேசைக்கு வந்தால் நான்தான் தொடணும்.

நோய் என்றால் நிஜமாகவே நோய். மண்ணில் புதைந்து கிடந்த வெண்கலத்தில் உப்பு ஊறியிருக்கும். ஈரக்காற்று பட்டால் வெளிர்பச்சைப் பொடியாகப் பூத்து உலோகத்தையே தின்னும். இதைத் தீர்க்கத்தான் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930இல் வேதியியல் ஆய்வுக்கூடம் வந்தது. எஸ். பரமசிவன் மின்சாரம் பாய்ச்சிக் களிம்பு நீக்கும் முறையை அங்கே கையாண்டார். அவர் பெயர் வரலாற்றில் இருக்கு, இருக்கத்தான் வேணும். கரைசலில் சிலையை இறக்கின கை, உப்பு போகிற மட்டும் தண்ணி மாத்தின கை யாருடையது என்று நாம் கேட்டிருக்கோமா?

"கைவேலை வேற, அறிவு வேறய்யா" என்பார் எங்க அதிகாரி. பச்சைக்குக் கீழே செம்பழுப்பாக ஒரு படலம் வரும். கத்தி அங்கே நிற்கணும். தாண்டினால் ஸ்தபதி வடித்த முகமே போய்விடும். எங்கே நிற்கணும் என்று தெரிகிறதே, அது அறிவில்லையா? ஒருமுறை அரித்துப் போயிருந்த விரல் நுனி ஒன்று உடைந்தது. மெமோ எனக்கு வந்தது. தேறிய சிலைகளின் அறிக்கையிலெல்லாம் அவர் பெயர். கெட்டால் கைக்குப் பொறுப்பு உண்டு, தேறினால் கைக்கு அறிவு கிடையாது. இது என்ன நியாயம்?

ஏழாவது ஊதியக் குழு 2016 முதல் வைத்த தொடக்க அடிப்படைச் சம்பளம் கடைநிலைக்கு 18,000 ரூபாய், குரூப் ஏ அதிகாரிக்கு 56,100. பதவி உயர்வே இல்லாதவனுக்கு 10, 20, 30 வருசத்தில் சம்பளம் ஒரு படி ஏறும். பதவி ஏறாது. சாதி வேலைக்காரர்களையே மேல்கீழாக அடுக்கி வைக்கிறது என்று அம்பேத்கர் 1936இல் வாதிட்டார். எங்க ஆய்வுக்கூடத்தில் யாரும் சாதியைச் சொல்லவில்லை. 'கல்வித் தகுதி' என்றார்கள். அடுக்கு மட்டும் அப்படியே இருந்தது.

பட்டம் வேண்டாம் என்று நான் சொல்லலை. எந்த அமிலம் எந்த உலோகத்தைத் தின்னும் என்று தெரியாத கை, ஆயிரம் வருசத்துச் சிலையை ஒரு பொழுதில் அழித்துவிடும். அதனால்தான் கேட்கிறேன், அந்தப் படிப்பை ஏன் கைக்குத் தரவில்லை? சம்பளத்தோடு படிப்பு விடுப்பு, பிறகு தேர்வு, தேறினால் மேல் பதவி. கேட்டு மூணு மனு போட்டேன். பதில் வராமலே ஓய்வு பெற்றேன்.

இப்போ என் மகள் வேதியியல் பட்டதாரி. அதே மேசைக்கு அவளைத் தினக்கூலி ஒப்பந்தத்தில் கூப்பிடுகிறார்கள். எங்கிட்ட இல்லாத தகுதி அவகிட்ட இருக்கு. இப்ப பதவியே இல்லையாம்.

"போகட்டுமாப்பா?" என்று கேட்டாள். அந்த வேலை மேல் எனக்கு இன்னும் ஆசை. செத்துக்கொண்டிருந்த ஒரு முகம் என் கையில் திரும்பி வந்ததைப் பார்த்தவன் நான். ஆனாலும் சொன்னேன்: "அறிக்கையில் உன் பேரை எழுதுவாங்களான்னு முதல்ல கேளு. எழுதறேன்னா, கூலியைப் பத்தி அடுத்துப் பேசு."