ஒரு நகரில் இரு தோட்டங்கள்

கொழும்பு மாநகரில் தோட்டம் என்ற சொல்லுக்கு இரு பொருள் உண்டு. ஒல்லாந்தர் காலத்திற் கறுவா விளைந்து, பின்னர் செல்வந்தரின் மாளிகைகள் எழுந்த கறுவாத்தோட்டம் ஒன்று. ஒடுங்கிய முடுக்கினுள் வரிசையாக நிற்கும் அறைகளும், அவற்றுக்கெல்லாம் பொதுவான நீர்க்குழாயும் மலகூடமுமாக, துறைமுகத் தொழிலாளரும் நகரசுத்தித் தொழிலாளரும் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் தோட்டம் மற்றொன்று.

நகரத்தை வலயங்களாக வகுத்து, எங்கே எதைக் கட்டலாம், எவ்வளவு நிலத்திற் கட்டலாம் என விதிப்பது அவசியமானதே. வீட்டுக்கருகே தோல் பதனிடும் ஆலை அமைவதை எவரும் விரும்பார். ஆனால், வரைபடத்தில் விழும் கோடு நிலத்தை மாத்திரமன்றி மனிதரையும் பிரித்துவிடுகின்றது. 1986ஆம் ஆண்டின் கட்டட ஒழுங்குவிதிகள், ஒரு மனையின் ஆகக் குறைந்த அளவு 150 சதுர மீற்றர், அதாவது ஏறத்தாழ 6 பேர்ச்சஸ் என விதித்தன. சட்டத்தின் நோக்கிற் சுகாதாரமான இவ்விதி, அவ்வளவு நிலம் வாங்க இயலாதவனைச் சட்டத்துக்குப் புறம்பானவன் ஆக்கியது. அவன் செய்த குற்றம் ஏழையாக இருந்தது ஒன்றுதான்.

அவ்விதி வளையக்கூடியதே என்பதற்கும் சான்றுண்டு. 1984இல் ஆரம்பித்த பத்து இலட்சம் வீடமைப்புத் திட்டத்தின்கீழ், சில குடியிருப்புகளை விசேட செயற்றிட்டப் பகுதிகளாகப் பிரகடனஞ் செய்து, 2 பேர்ச்சஸ் மனைகளுக்கும் அனுமதி வழங்கினர். பாதையின் அகலம் எவ்வளவு, கூரைநீர் எப்பக்கம் வடிய வேண்டும், அயலவனின் சுவருக்கும் தன் சுவருக்கும் இடையில் எவ்வளவு விடுவது என்பவற்றை அங்கு வாழ்ந்தோரே கூடியிருந்து பேசித் தீர்மானித்தார்கள். (அத்திட்டத்தை நடத்திய அரசு 1983இல் எப்படி நடந்துகொண்டது என்பதை நாம் மறந்துவிடவில்லை. ஆயினும் நல்லதை நல்லதென்றே சொல்ல வேண்டும்.) பள்ளிக்கூடம் காணாத பலர் சட்டம் இயற்றுவோராக அமர்ந்த அபூர்வமான தருணம் அது.

பிற்காலத்திற் காற்று வேறு திசையில் வீசியது. 2010இல் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின்கீழ்க் கொண்டுவரப்பட்டது. அவ்வாண்டு மே மாதத்தில் கொம்பனித்தெரு மியூஸ் வீதியிற் படையினரின் துணையோடு வீடுகள் தகர்க்கப்பட்டன. உறுதி வைத்திருந்தோரின் வீடுகளும் அவற்றுள் அடங்கும். அதிகார சபையின் கணக்கின்படியே, நகரமக்களுள் அரைவாசிக்கு மேற்பட்டோர் இத்தகைய குடியிருப்புகளில் வாழ்ந்தனர். அவர்கள் வாழ்ந்த நிலமோ சுமார் 900 ஏக்கர். நகர நிலத்திற் பத்திலொரு பங்குக்கும் குறைவு.

இவ்வெண்களிலிருந்து இரு முடிவுகளுக்கு வரலாம். பாதி மக்களுக்குப் பத்திலொரு பங்கு நிலமும் இல்லை, இஃது அநீதி என்பது ஒன்று. விலைமதிப்புள்ள 900 ஏக்கர் பயனின்றிக் கிடக்கின்றது, அதை மீட்க வேண்டும் என்பது மற்றொன்று. அதிகார சபை இரண்டாவது முடிவுக்கே வந்தது.

“மழைக்கு முழங்காலளவு வெள்ளம் ஏறும் வீட்டிலிருந்து மாடிக்குப் போவது தீமையா?” என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. சேரியின் வறுமையை அழகென்று வருணிப்பது வயிறு நிரம்பியோரின் பொழுதுபோக்கு. மாடிவீட்டுக்குப் போய் மகிழ்ந்தோரும் உண்டு. ஆனால் பலகை வீடுகளோடு, குழாய்நீரும் மின்சாரமும் பெற்ற, சிறுகச் சிறுகச் சேமித்துக் கட்டிய கல்வீடுகளும் அகற்றப்பட்டன. அவ்வீட்டுக்காரர் புதிய மாடிவீட்டுக்கென 10 இலட்சம் ரூபாயளவில் நீண்டகாலத் தவணையிற் செலுத்த வேண்டியவராயினர். நன்மை என்று பெயரிடப்பட்டதற்கு விலை கொடுத்தவர் அவர். அது நன்மையா என்று நிர்ணயித்தவர் வேறொருவர். தனக்கு நன்மை எது என்று கூறும் உரிமையை ஒருவனிடமிருந்து பறித்தபின் அவனுக்கு அளிக்கப்படுவது, எத்துணைச் சிறந்ததாயினும், பிச்சையேயாகும். கறுவாத்தோட்டத்து மாளிகைக்காரரிடம், “உமது காணியில் முப்பது குடும்பங்கள் வாழலாம், நீர் மாடிக்குப் போம்” என்று எவரேனும் சொன்னதுண்டா? 1973ஆம் ஆண்டின் வீட்டுச் சொத்து உச்சவரம்புச் சட்டம் அந்தத் திசையில் ஓரடி எடுத்துவைத்தது. தோட்டங்களில் வாடகைக்கிருந்தோர் பலர் அதனால் வீட்டுரிமை பெற்றனர். அடுத்த அடியை எவரும் எடுத்துவைக்கவில்லை.

இவற்றையெல்லாம் மாநகரசபையிற் கேட்கலாமே என்பர். 1978ஆம் ஆண்டின் சட்டத்தினால் நகரைத் திட்டமிடும் அதிகாரத்தின் பெரும்பகுதி அபிவிருத்தி அதிகார சபையிடம் சென்றுவிட்டது. அது மனமுவந்து ஒப்படைப்பதையே மாநகரசபை செயற்படுத்துகின்றது. அச்சபைதானும் எப்பொழுதும் இருந்ததா? 2010இற் கலைக்கப்பட்டு, 2011 ஒக்டோபர்த் தேர்தல்வரை ஆணையாளர் ஒருவரின் கையில் இருந்தது. 2023 மார்ச்சில் உறுப்பினரின் பதவிக்காலம் முடிந்தபின், 2025 மே மாதம்வரை தேர்தலே நடக்கவில்லை.

முடுக்கின் வாசலில் அப்பச்சட்டி வைத்துக் குடும்பத்தைக் காத்த பெண், பன்னிரண்டாம் மாடியில் அதே சட்டியை வைத்தால் வாங்க வருபவர் யார்? பாதையின் அகலத்தைத் தாமே தீர்மானித்த அந்த மக்கள் கூட்டத்தில் இக்கேள்வி முதல் நாளே எழுந்திருக்கும். மாடி கட்டியோரின் வரைபடத்தில் அடுக்களைக்கு இடமிருந்தது. அவளுடைய வியாபாரத்துக்கு இடமிருக்கவில்லை.