நோக்கம் ஒன்று, விளைவு ஒன்று

ஒரு செயலை அறம் என்று கொள்வதற்கு, அதனைச் செய்தவன் உள்ளத்தில் இருந்த நோக்கம் அளவுகோலா, அச்செயலால் பிறருக்கு விளைந்த பயன் அளவுகோலா என்னும் வினா மிகப் பழமையானது. தனி மனிதன் ஒருவனை முன்னிறுத்தி இவ்வினாவை எழுப்பினால் விடை ஓரளவு எளிதிற் கிட்டும். புகழுக்காகக் குளம் வெட்டியவனையும் ஊரார் வாழ்த்தவே செய்வர். அவன் உள்ளத்தை ஆராய்ந்த பின்னர் எவரும் தண்ணீர் மொள்வதில்லை. ஆனால், இலட்சக்கணக்கானோர் ஈடுபட்ட ஒரு போரைப் பற்றி அதே வினா எழும்போது விடை அத்துணை எளிதாக அமைவதில்லை. 1861 முதல் 1865 வரை அமெரிக்காவின் வட மாநிலங்களுக்கும் தென் மாநிலங்களுக்கும் இடையே நிகழ்ந்த உள்நாட்டுப் போர் இதற்குத் தக்க சான்றாகும்.

அடிமைகளை விடுவிப்பதற்கென வடக்கு நடத்திய போர் என்றே பலரும் அதனை அறிந்துள்ளனர். வரலாறு அவ்வளவு நேரானதன்று. தெற்கு பிரிந்தது அடிமை முறையைக் காப்பதற்கே என்பதில் ஐயமில்லை. 1860 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 40 இலட்சம் பேர் அந்நாட்டில் அடிமைகளாய் இருந்தனர். தெற்கின் பருத்திச் செல்வம் அவர்கள் முதுகின் மேல் நின்றது. அடிமை முறை புதிய நிலப்பகுதிகளுக்குப் பரவலாகாது என்னும் கொள்கையுடைய ஆபிரகாம் லிங்கன் அவ்வாண்டு நவம்பரில் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டதும், டிசம்பர் 20 ஆம் நாள் தென் கரோலினா பிரிந்தது. அடுத்த சில வாரங்களில் மேலும் ஆறு மாநிலங்கள் அதனைப் பின்பற்றின. அவற்றுள் ஒன்றான மிசிசிப்பி, அடிமை முறையோடு தன் வாழ்வு பிணைந்திருப்பதைத் தன் பிரிவினை அறிக்கையிலேயே ஒளிவுமறைவின்றி எழுதி வைத்தது. அது மாநில உரிமைக்கான போர் மட்டுமே என்று பிற்காலத்தில் வாதிட்டோர் இவ்வறிக்கையை மறந்தனர், அல்லது மறைத்தனர்.

வடக்கின் நோக்கமோ வேறு. 1861 ஏப்ரல் 12 ஆம் நாள் சம்டர் கோட்டையின் மீது தெற்கின் பீரங்கிகள் முழங்கியதும், லிங்கன் படை திரட்டியது பிளவுண்ட நாட்டை ஒன்றுசேர்ப்பதற்காக. அப்போது வர்ஜீனியா உள்ளிட்ட நான்கு மாநிலங்கள் தெற்கோடு சேர்ந்துகொண்டன. டெலவேர், மேரிலாந்து, கென்டக்கி, மிசூரி என்னும் நான்கும் அடிமைகளை வைத்துக்கொண்டே ஒன்றியத்தில் தங்கின. அவற்றை இழக்க அஞ்சிய வாஷிங்டன், மாநிலங்களின் உள்ளமைப்பில் கை வைப்பது போரின் நோக்கமன்று என 1861 ஜூலையில் தீர்மானமே நிறைவேற்றியது. ஓர் அடிமையையும் விடுவிக்காமல் நாட்டைக் காக்க இயலுமாயின் அவ்வாறே செய்வேன் என்னும் கருத்துப்பட, 1862 ஆகஸ்டில் லிங்கன் ஒரு பத்திரிகை ஆசிரியருக்கு எழுதினார். அடிமை முறையை வெறுத்த மனிதரின் எழுத்து இது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அங்ஙனமாயின், போரின் நோக்கத்தை மாற்றியவர் யாவர்? இதற்கு விடை காண வர்ஜீனியாவின் கடலோரத்திலுள்ள மன்றோ கோட்டைக்குச் செல்ல வேண்டும். 1619 ஆம் ஆண்டு இருபதுக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கரை ஒரு கப்பல் கொண்டுவந்து இறக்கிய அதே கடல்முனையில் நிற்பது அக்கோட்டை. தெற்கின் நடுவே இருந்தும் அது வடக்கின் கையிலேயே இருந்தது. 1861 மே 23 ஆம் நாள் இரவு மூன்று அடிமைகள் ஒரு படகில் ஏறி அக்கோட்டையை வந்தடைந்தனர். பிராங்க் பேக்கர், ஜேம்ஸ் டவுன்செண்ட், ஷெப்பர்ட் மல்லோரி என்பன அவர்தம் பெயர்கள். தெற்கின் படைக்குப் பீரங்கி மேடை கட்டும் வேலையில் அவர்கள் ஈடுபடுத்தப்பட்டிருந்தனர்.

கோட்டைத் தலைவர் பெஞ்சமின் பட்லர் அடிமைகளின் தோழர் அல்லர். முந்திய ஆண்டு தம் கட்சி மாநாட்டில், பின்னாளில் தெற்கின் தலைவரான ஜெபர்சன் டேவிஸையே குடியரசுத் தலைவர் வேட்பாளராக்கப் பலமுறை வாக்களித்தவர் அவர். மறுநாள் வெள்ளைக் கொடியோடு வந்த தென்னகத் தூதர், ஓடிப்போன அடிமைகளைத் திருப்பித் தருமாறு நாட்டின் சட்டம் ஆணையிடுகிறதே என்று வாதிட்டார். வழக்கறிஞரான பட்லர் மடக்கினார்: வர்ஜீனியா இப்போது தன்னை அயல்நாடு என்கிறது, அயல்நாட்டுக்கு அச்சட்டம் எவ்வாறு பொருந்தும்? இம்மூவரும் பகைவனின் உடைமை என்பது உம் கூற்றாயின், பகைவனின் போர்ப்பொருளைப் பறிமுதல் செய்தல் போர் முறையே என்றார். மனிதரைப் பொருளாக்கிய அதே வாதம் அவர்தம் விடுதலைக்கு வாயிலாயிற்று. இதனினும் விந்தையான சட்ட விளக்கம் வரலாற்றில் அரிது.

செய்தி பரவிற்று. சில நாள்களில் பத்துப் பத்தாகவும், பின்னர் நூறு நூறாகவும் ஆடவர், பெண்டிர், குழந்தைகள் வந்து சேர்ந்தனர். வடக்கின் படை எங்குச் சென்றதோ அங்கெல்லாம் இதுவே நிகழ்ந்தது. வந்தவர்களைத் திருப்பியனுப்பினால் பகைவனுக்கு வலிமை. வைத்துக்கொண்டால் அவர்கள் யார் என்னும் வினாவுக்கு விடை கூறியாக வேண்டும். ஆகஸ்டில் காங்கிரஸ் அவை பறிமுதல் சட்டம் இயற்றியது. ஆன்டீட்டம் போர்க்களத்தில் ஒரே நாளில் இருபதாயிரத்திற்கும் மேற்பட்டோர் மாண்டும் காயமுற்றும் வீழ்ந்த பின்னர், 1863 ஜனவரி 1 ஆம் நாள் லிங்கனின் விடுதலைப் பிரகடனம் நடைமுறைக்கு வந்தது. அதுவும் போர்த்தேவை என்னும் பெயரிலேயே வந்தது; ஒன்றியத்தில் இருந்த நான்கு அடிமை மாநிலங்களுக்கு அது பொருந்தவில்லை. எனினும் அதன்பின் ஏறத்தாழ 180,000 கறுப்பின வீரர்கள் வடக்கின் படையில் சேர்ந்தனர். கெட்டிஸ்பர்க், விக்ஸ்பர்க் வெற்றிகளையும் அட்லாண்டாவின் வீழ்ச்சியையும் கடந்து, 1865 ஏப்ரல் 9 ஆம் நாள் அப்பொமாட்டக்ஸில் தளபதி லீ சரணடைந்தபோது, போர் தொடங்கிய காலத்து நோக்கம் அடையாளமே தெரியாதபடி மாறியிருந்தது. அவ்வாண்டு டிசம்பரில் 13 ஆவது அரசியலமைப்புத் திருத்தம் அடிமை முறையை நாடெங்கும் ஒழித்தது.

பயன் கிட்டியபின் நோக்கத்தை ஏன் துருவ வேண்டும் என்று கேட்கலாம். குளத்து நீர் உவமை இங்கேதான் தவறிப்போகிறது. நீருக்கு உரிமை இல்லை, மனிதனுக்கு உண்டு. 1862 ஏப்ரலில் தலைநகர் வாஷிங்டனில் அடிமைகள் விடுவிக்கப்பட்டபோது, ஓர் அடிமைக்கு 300 டாலர் வரை இழப்பீடு வழங்கப்பட்டது. உழைப்பை இழந்த அடிமைக்கு அன்று, அடிமையை இழந்த ஆண்டானுக்கு. வெள்ளை வீரனுக்கு மாதம் 13 டாலரும், கறுப்பு வீரனுக்கு உடைக்கெனப் பிடித்ததுபோக 7 டாலருமே கொடுக்கப்பட்டன. மாசசூசெட்ஸ் 54 ஆம் படையினர் இக்குறைந்த ஊதியத்தைத் தொட மறுத்தனர். ஊதியம் இன்றியே வாக்னர் கோட்டையின் மதிலேறிப் பலர் மடிந்தனர். 1864 ஜூனில்தான் சம ஊதியம் சட்டமாயிற்று.

சமத்துவம் வடக்கின் நோக்கத்தில் முழுமையாக இடம்பெறவில்லை. அதனாலேயே வெற்றிக்குப் பின் அதனைக் காக்கும் மன உறுதியும் நீடிக்கவில்லை. 1877 இல் தெற்கினின்று ஒன்றியப் படைகளின் காவல் விலக்கப்பட்டதும், வாக்குரிமை படிப்படியாகப் பறிபோயிற்று. 1965 ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டம் வரும்வரை மூன்று தலைமுறையினர் காத்திருந்தனர். போரில் மாண்டோர் 620,000 என்று நெடுங்காலம் கூறப்பட்டது. அண்மைக்கால ஆய்வுகள் அத்தொகையை உயர்த்தியுள்ளன. இத்துணை உயிர்களை விலையாகக் கொடுத்த பின்னும் பணி பாதியில் நின்றதற்குக் காரணம், அப்பணி எவருடையதாக இருந்ததோ அவர்கள் கையில் அதிகாரம் இல்லாமையே. அன்றிரவு படகில் ஏறிய மூவருக்கு நோக்கம் குறித்து ஐயமே இருக்கவில்லை. ஐயமெல்லாம் அவர்களை ஏற்றுக்கொண்டவர்களிடத்தில்தான் இருந்தது.

1865 மே மாதம் பிடிபட்ட ஜெபர்சன் டேவிஸ் அதே மன்றோ கோட்டைக்குக் கைதியாகக் கொண்டுவரப்பட்டு ஈராண்டுகள் சிறை வைக்கப்பட்டார். அப்போது கோட்டையை அடுத்த ஹாம்ப்டன் நகரில், தென்னகப் படையே தீயிட்டுச் சென்ற வீடுகளின் சுவர்களுக்கிடையே, தப்பி வந்த மக்கள் குடிசைகள் எழுப்பி வாழ்ந்துகொண்டிருந்தனர்.