கட்டெறும்பும் இல்லறத்தார் கருணையும்

 

பேரிகை, ஓசூர் வட்டாரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3000 அடி உயரத்தில் அமைந்த குளிர்ந்த நிலம். இரு பருவத்தும் மழை பெறுவது. இத்தகைய இடத்தில், ஓட்டின் ஒழுக்கால் நனைந்து உளுத்த நிலைச்சட்டத்தில் கட்டெறும்பு குடியேறினால், சாவகன் செய்யத்தக்கது யாது? நஞ்சிட்டுக் கொல்லலாமா?

நம் ஆகமம் எறும்பை மூவறிவுயிர் என்கிறது. தொல்காப்பிய மரபியலும் அவ்வாறே வகுக்கின்றது. சங்கல்பம், ஆரம்பம், உத்தியோகம், விரோதம் என இம்சை நால்வகைப்படும். இல்லறத்தார் முதலாவதை முற்றும் துறத்தல் வேண்டும். ஏனையவற்றை இயன்றவரை குறைத்தல் வேண்டும். வீடு பெருக்குகையில் அறியாது ஓருயிர் மடிவது ஆரம்ப இம்சை. கொல்லக் கருதி இனிப்பில் நஞ்சு கலந்து வைப்பதோ சங்கல்ப இம்சை. அதை உண்ட எறும்பு கூட்டிற்குச் சென்று பிறவற்றுக்கும் வாய்வழி ஊட்டும். அரசியும் குஞ்சுகளும் மடியும். ‘வீட்டைக் காக்கவே செய்தோம்’ என்பது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதாகும்.

ஆயின், வீடு அழியட்டும் என வாளாவிருப்பதா? அன்று. முதலில் உள்ளதை உள்ளவாறு அறிதல் வேண்டும். கறையான் மரத்தைத் தின்னும். மண்ணால் வழி அமைக்கும். மரங்குடையும் கட்டெறும்போ மரத்தைத் தின்பதில்லை, குடியிருக்கவே குடையும். குடைந்த தூளை வெளியே தள்ளும். நிலையடியில் மரத்தூள் குவிந்திருப்பதும், தட்டினால் உள்ளீடற்ற ஓசை எழுவதும், இரவில் சாரை மிகுவதும் அதன் அடையாளங்கள். அது பெரிதும் நாடுவது ஈரத்தால் உளுத்த மரத்தையே. எனவே குற்றம் எறும்பினிடத்தன்று. நாம் கவனியாது விட்ட கசிவினிடத்தே உள்ளது.

வினை உயிரில் வந்து சேர்வதை ஊற்று என்றும், அதனைத் தடுப்பதைச் செறிப்பு என்றும் அறநூல்கள் கூறும். இல்லத்திற்கும் இதுவே வழி. ஒழுக்கை அடையுங்கள். மரத்திற்குக் காற்றும் வெயிலும் படச் செய்யுங்கள். சுவரைத் தொடும் கிளைகளைக் கழியுங்கள். வெல்லத்தையும் சர்க்கரையையும் இறுக மூடுங்கள். அலமாரிக் கால்களுக்கு நீர்க்கிண்ணம் வைத்தால் எறும்பு மூழ்கி மடியும், அது வேண்டா. சாரை ஓய்ந்த வேளையில் அதன் தடத்தைச் சோப்பு நீரால் துடையுங்கள். கதிர் மறையுமுன் உண்டு அடுக்களையைத் தூய்மை செய்யும் நம் நோன்பு, இரவில் இரை தேடும் எறும்பிற்கும் நன்மையே.

உளுத்த கட்டையை மாற்றியே தீர வேண்டுமெனில், தச்சரிடம் முன்னரே சொல்லி, அதனைச் சிதைக்காது மெல்லக் கழற்றித் தோட்டத்து மரநிழலில் வையுங்கள். எறும்புகள் தம் குஞ்சுகளைச் சுமந்து வேறிடம் செல்லும் இயல்புடையன. அப்போதும் சில மடியக்கூடும். அதற்காக வருந்திப் பிரதிக்கிரமணம் செய்யுங்கள். ஆனால் அதனைக் காரணமாக்கி நஞ்சைக் கையிலெடாதீர்கள்.

முற்றத் துறந்தார்க்கே அகிம்சை என்று ஒதுக்காது, அடுக்களையிலும் அதனைப் பேணுவதே அணுவிரதம்.

திருவறம் வளர்க!