தராசு பிடித்த கை

எட்டு மாதக் குழந்தைகள் தவழ்ந்து போகின்றன. எதிரே ரோஜாப் பூக்களும் படப் புத்தகங்களும். பிஞ்சுக் கைகள் அவற்றைத் தொட்டதும் காதைப் பிளக்கும் அபாய ஒலி. அடுத்து, தரையிலிருந்து மின்னதிர்ச்சி. இருநூறு முறை இப்படிச் செய்தால், உழைப்புக்கென்றே உருவாக்கப்பட்ட அந்தக் குழந்தைகள் பூவையும் புத்தகத்தையும் ஆயுள் முழுதும் வெறுக்கும். 1932-இல் வெளிவந்த ஆல்டஸ் ஹக்ஸ்லியின் 'பிரேவ் நியூ வேர்ல்ட்' நாவலில் வரும் காட்சி இது. படிக்கையில் நம் நெஞ்சு பதறுகிறது.

அதே ஹக்ஸ்லி, 1934-இல், அறிவு வளர்ச்சி குன்றியோர் பெருகுகிறார்கள் என்று கவலைப்பட்டு, அவர்களுக்குக் கருத்தடை செய்வதை ஆதரித்துக் கட்டுரை எழுதினார். அவருடைய அண்ணன் ஜூலியன், பின்னாளில் பிரிட்டனின் இனமேம்பாட்டுச் சங்கத்துக்குத் தலைமை தாங்கினார். இருவரும் மனிதகுல நன்மையை நாடிய கல்விமான்கள். நம்மைக் கலங்கச் செய்ய வேண்டியது அதுதான்.

இதே எண்ணத்தில்தான் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் கேரி பக் என்ற இளம்பெண்ணுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யலாம் என 1927-இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. தாய் மந்தம், மகள் கேரி மந்தம், கைக்குழந்தையான பேத்தியும் மந்தம் என்பது வாதம். அந்தப் பேத்தி பள்ளிக்குப் போனபோது சிறந்த மாணவர் பட்டியலில் இடம்பெற்றாள். எட்டு வயதில் நோயுற்று இறந்தும் போனாள். அவளை அளந்தவர்களுக்கு அவளைத் தெரியாது.

ஹக்ஸ்லியின் கற்பனை உணர்ந்ததை அவருடைய அறிவு ஏன் உணரவில்லை? நாவல் எழுதுகிறவன் தவழும் குழந்தையோடு தானும் தவழ்ந்து, அதிர்ச்சியைத் தன் உடம்பில் வாங்கியாக வேண்டும். மக்கள்தொகையைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறவனுக்குத் தூர நின்று எண்ணினால் போதும். தராசைப் பிடித்தவன் தன்னை அதன் தட்டில் ஏற்றிப் பார்ப்பதில்லை. தகுதியற்றோர் பட்டியலைத் தயாரித்த எவரும் தம் பெயரையோ, தாம் பெற்ற பிள்ளையின் பெயரையோ அதில் முதலில் எழுதியதாக வரலாறு இல்லை. ஆகவே, சமூகத்தின் நன்மைக்காக யாரை விலக்கலாம் என்ற எண்ணம் நமக்குள் நியாயத்தின் குரலில் எழும்போதெல்லாம், எண்ணிக்கையாகத் தெரியும் அந்த மனிதனின் இடத்தில் ஒரு கணம் நம்மை இருத்திப் பார்க்கும் மனம் நமக்கு வேண்டும். அந்த மனத்தை இழந்த அறிவு, எவ்வளவு உயர்ந்த நோக்கத்தோடு புறப்பட்டாலும், பூவைத் தொட நீளும் ஒரு பிஞ்சுக் கையைச் சுட்டுவிட்டே ஓயும்.