அறியப்படாதோர் தந்த அறிவு

அறிவுக்காக ஒரு மனிதரைக் காத்திருக்க வைக்கலாமா? கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை முன்னறியும் முறைகளை ஒப்பிடும்போது இக்கேள்வியை நாம் தவிர்க்க முடியாது.

முறைகள் மூன்று. பாப் பரிசோதனையில் உயிரணுக்களைத் தடவி எடுத்து, சாயமிட்டு, நுணுக்குக்காட்டியில் ஆராய்வர். முடிவுக்கு நாட்கள் செல்லும், பெண் மறுபடியும் வரவேண்டும். நீர்த்த அசற்றிக் அமிலம் பூசி, வெண்மை தோன்றுகிறதா என வெறுங்கண்ணால் பார்ப்பது மற்றொன்று. செலவு சொற்பம், முடிவு அன்றே தெரியும், ஆயினும் பார்ப்பவரின் பயிற்சியைப் பொறுத்தே பலன். மூன்றாவது, நோய்க்குக் காரணமான பாப்பிலோமா வைரசின் மரபணுவைத் தேடுவது.

எது சிறந்தது? 1999இல் மகாராட்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் பெரும் ஆய்வொன்று தொடங்கியது. 52 கிராமத் தொகுதிகளில், 30 முதல் 59 வயது வரையான 131,746 பெண்கள் நான்கு பிரிவாக்கப்பட்டனர். மூன்று பிரிவினருக்கு ஒவ்வொரு முறை. நான்காம் பிரிவினருக்கு வழக்கமான கவனிப்பு மட்டுமே. முடிவுகள் 2009இல் வெளியாயின. வைரசுப் பரிசோதனைப் பிரிவில் இந்நோயால் இறந்தோர் 34 பேர். நான்காம் பிரிவில் 64 பேர். மற்றைய இரு முறைகளும் அங்கு மரணத்தைத் தெளிவாகக் குறைக்கவில்லை. ஆயின், தமிழகத்தின் திண்டுக்கல்லில் 2000இல் தொடங்கிய ஆய்வில், அமிலம் பூசிப் பார்க்கும் முறையே மரணத்தை 35 வீதம் குறைத்தது. அங்கும் பரிசோதிக்கப்படாத பிரிவொன்று இருந்தது.

“அவ்வூர்களில் பரிசோதனை இல்லாமையே வழக்கம், எதையும் நாம் பறிக்கவில்லை” என்பது ஆய்வாளர் தரப்பு நியாயம். ஒப்பீடின்றி உண்மை புலப்படாது என்பதையும் ஏற்கிறோம். ஆனால் அந்த வழக்கத்தை உண்டாக்கியது எது? வறுமையன்றோ? பாப் பரிசோதனை செல்வந்த நாடுகளில் பல பத்தாண்டுகளாக உயிர் காத்துவந்த காலம் அது. ஏழைப் பெண்ணின் இல்லாமையை அளவுகோலாக்கிப் பெற்ற அறிவு உலகின் சொத்தல்ல, உலகின் கடன்.

அக்கடனில் நமக்கும் பங்குண்டு. 2021இல் உலக சுகாதார நிறுவனம் வைரசுப் பரிசோதனையை முதன்மையாகப் பரிந்துரைத்தது இத்தகைய ஆய்வுகளின் பலத்திலேயே. இலங்கையில் 1996 முதல் மகளிர் நலக் கிளினிக்குகளில் பாப் பரிசோதனை இலவசமாகச் செய்யப்பட்டு வருகிறது. ஆயினும் மட்டக்களப்பு வாவியின் படுவான்கரையில் வயலில் கூலிக்கு உழைக்கும் பெண்ணுக்கு இலவசமும் இலவசமல்ல. மண்முனைப் பாலம் 2014இல் திறக்கப்பட்டது. தோணிக்குக் காத்திருக்கும் துன்பம் குறைந்தது. ஆனால் இழக்கும் நாட்கூலியையும், தடுக்கும் கூச்சத்தையும் எந்தப் பாலம் கடக்கும்?

வைரசுப் பரிசோதனைக்கான மாதிரியைப் பெண் தன் வீட்டிலேயே தானாக எடுத்துக்கொடுக்கலாம். மருத்துவ மாது அதை வாங்கிச் செல்லலாம். ஆனால் நோயைச் சொல்லிவிட்டுச் சிகிச்சைக்கு வழிகாட்டாது விடுவது சோதனையன்று, கொடுமை. ஆகவே சிறந்த முறை எதுவெனும் கேள்விக்கு ஆய்வுகூடம் பாதி விடையே தரும். கடைசி வயற்காரி வரை சென்று, சிகிச்சை வரை உடன் நடக்கும் முறையே சிறந்தது. உஸ்மானாபாத்தின் 64 பெண்களுக்கும் நாம் செலுத்தக்கூடிய கடன் அதுவே.